வாசலோரத்து மேசை

ஊசியக்கா என்ற பட்டப்பெயர் தையலால் வந்தது என்று நினைப்பவர்கள் அவள் வாய்ப்பேச்சைக் கேட்டதில்லை. குழந்தைகளுக்குக் கவுன் தைப்பாள். தைத்ததைப் படமெடுத்துச் சமூக வலைத்தளத்தில் போடுவாள். ஆர்டர் முழுக்க அதில்தான். பித்தானும் கைவேலையும் கடையில் கூடவே உட்கார்ந்து வேலை செய்யும் கூட்டாளியின் பொறுப்பு. இருவரும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சிநேகிதிகள்.

கொஞ்ச காலமாக அந்தத் தளத்தில், கூட்டாளியின் இனத்தாரை ஊரைவிட்டே விரட்டச் சொல்லும் வீடியோக்கள் வந்தன. ஊசியக்கா சும்மா இருப்பாளா? ஒன்று விடாமல் கடைசிவரை பார்த்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கீழே பதில் எழுதுவாள். அதைக் கூட்டாளிக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் டீ குடிப்பாள். கூட்டாளியும் சிரிப்பாள்.

ஒருநாள், வழக்கமாக வரும் நர்ஸம்மா துணியைக் கொடுத்துவிட்டு, கூட்டாளி பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. பாப்பா கவுன்ல அவங்க கை படாம தைச்சுத் தருவீங்களா? அவங்களைக் கொஞ்சம் உள்ள உக்காரச் சொன்னாக்கூட நல்லது. அந்த வீடியோவெல்லாம் பாத்தா பயமா இருக்கு."

"அந்தக் கண்றாவியை நீ எங்க போய்ப் பாத்தே?"

"நான் எங்கயும் போகலையே. நீங்க பதில் போட்டிருக்கீங்கன்னு எனக்கு வந்துச்சு. போன்ல உங்க பக்கத்தைப் பாக்கிற எல்லாருக்கும்தான் வருது."

ஊசியக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. திட்டித் திட்டித் தானே அந்த விஷத்தை வீடு வீடாகக் கொண்டு சேர்த்திருக்கிறாள். பாவி, நல்லது என்று நினைத்துத்தான் செய்தாள். துணியைத் திருப்பிக் கொடுத்தாள்.

நர்ஸம்மா போனதும் கூட்டாளி தன் மேசையை உள்பக்கம் தள்ள ஆரம்பித்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"நான் அந்தத் தளத்தை விட்டே வெளிய வந்துடட்டுமாடி? ஆர்டர் போனா போகட்டும். ஆனா நானும் போயிட்டா அவனுங்களைக் கேக்க ஆளில்லையேன்னு இருக்கு."

"நீங்க வந்துடலாம்க்கா. அவங்க பேசுறது என்னையத்தானே, நான் எதுல இருந்து வெளிய வர்றது?"

ஊசியக்கா போனை எடுத்துக் கணக்கை மூடினாள். வயிற்றுப்பிழைப்பாயிற்றே, கண் கலங்கத்தான் செய்தது. பிறகு போய், மேசையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வேணாம். வாசலோரம் வா, என் மெஷினுக்குப் பக்கத்துல."

"எல்லாரும் பாப்பாங்கக்கா."

"பாக்கட்டும். இனிமே நான் பதில் சொல்றதா இருந்தா, மூஞ்சிக்கு நேரா சொல்றேன்."

கூட்டாளி ஒருமுறை தெருவைப் பார்த்தாள். அப்புறம் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினாள். மேசை சாய்ந்ததில் மேலிருந்த டப்பா சரிந்து, பித்தான்கள் வாசல்வரை உருண்டன.