மணமில்லாத பவுடர்

லாசால் நகர்ப்பகுதியில், வீட்டில் வைன் போடுவதற்கான சாமான் விற்கும் கடையில்தான் அவரைக் கண்டேன். ஒடிசலான உடம்பு; காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. அவரும் வாங்க வந்தவர்தான். அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் வாளிகளை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே மூக்கை விட்டு மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். நத்தார்ப் பண்டிகைக்கு வைன் போட நினைத்திருந்த நான், வாளி கழுவ வீட்டிலிருக்கும் எலுமிச்சை வாசனை ப்ளீச் போதுமா என்று கேட்டேன்.

“வேண்டாம் தங்கச்சி. அந்த மணம் பிளாஸ்டிக்கிலை ஊறிப்போகும், பேந்து வைனிலை வரும். இந்த மணமில்லாத பெர்கார்பனேட் பவுடரை இளஞ்சூட்டுத் தண்ணியிலை கரைச்சு ஊறவிடுங்கோ. நல்லா அலசினாப் பிறகுதான் கிருமி கொல்லுற மருந்து. ரெண்டையும் ஒண்டாக் கலக்காதேங்கோ.”

“கனகாலமா வைன் போடுறீங்களோ அண்ணை?”

“போடுறது என்ரை மனுசி. கழுவுறது மட்டும்தான் நான். நான் குடியை விட்டிட்டன்.”

“பிறகேன் உங்களுக்கு இந்த வேலை?”

“குடிச்ச காலத்திலை நான் ஒரு கிளாசும் கழுவினதில்லை.”

விலை சொல்வதுபோலத்தான் சொன்னார். காசு கொடுக்குமுன் தன் வாளியை இன்னொருதரம் மோந்து பார்த்தார். புது வாளியில் அவர் எந்த மணத்தைத் தேடினார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.