ரீடூவைத் தின்றது யார்

ஆபீசில் அவனுக்கு ஆமை என்று பெயர். கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிச் சம்பளம் வாங்குகிற ஆள், இரண்டு ஆள்காட்டி விரலை மட்டும் வைத்துக் கோழி கொத்துகிற மாதிரி அடிப்பான். மற்ற எட்டு விரலும் சும்மா காற்று வாங்கும். ஆனால் எழுதினதில் தப்பு வராது. அதனால் அவசர வேலை எது வந்தாலும் அவன் தலையில்தான் கட்டுவார்கள்.

இந்த முறை வந்தது ஒரு வக்கீல் ஆபீஸ் வேலை. மனு அடிக்க இவர்கள் செய்து கொடுத்த எடிட்டரில் அன்டூவும் ரீடூவும் இல்லை. அன்டூ அழுத்தினால் அடித்தது ஒவ்வொன்றாகப் பின்னால் போகவேண்டும். ரீடூ அழுத்தினால் போனது திரும்பி வரவேண்டும். இது இல்லாமலே இத்தனை நாள் எப்படி விற்றார்கள் என்று கேட்கக்கூடாது. மேனேஜருக்கு வாய் அப்படி.

ஆமைக்குப் பெண் குழந்தை பிறந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. மனைவி ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில், அவள் அம்மா வீட்டில் இருந்தாள். பெற்ற அப்பன் குழந்தையைப் போனில்தான் பார்த்திருந்தான். அதிலும் பாதி நேரம் போர்வைதான் தெரியும். லீவு கேட்டான்.

“தாராளமா போப்பா,” என்றார் மேனேஜர். “அங்க டைப்பிஸ்ட் அம்மா பார்த்து ஓகேன்னு கையெழுத்துப் போடட்டும். அடுத்த நிமிஷம் நீ பஸ்ல இருக்கலாம்.”

இரண்டே நாளில் முடித்து அனுப்பிவிட்டுப் பையைக் கட்டினான். பை மூடினதும் டைப்பிஸ்ட் அம்மாவிடமிருந்து போன் வந்தது.

“தம்பி, உன் பொட்டி என் ரெண்டு பாராவை முழுங்கிடுச்சு.”

“முழுங்காதும்மா. அன்டூ பண்ணினீங்களா? ரீடூ அழுத்துங்க, வந்துரும்.”

“அழுத்திட்டுத்தான் பேசறேன். கல்லு மாதிரி கிடக்குது.”

“நடுவுல புதுசா ஏதாவது அடிச்சீங்களா? அடிச்சா, பின்னால போனது போனதுதான். எல்லா எடிட்டர்லயும் அதாம்மா முறை.”

“ஒரு எழுத்து அடிக்கல. முப்பது வருஷமா அடிக்கிறவளுக்கு, அடிச்சோமா இல்லையான்னு தெரியாதா?”

ஆமை தன் இடத்தில் உட்கார்ந்து நூறு தடவை செய்து பார்த்தான். நூறு தடவையும் எல்லாம் சமர்த்தாகத் திரும்பி வந்தது. “என்கிட்ட நல்லாத்தாம்மா வருது,” என்றான். டாக்டர்கள் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்கிற மாதிரி, அந்தத் தொழிலில் எல்லாரும் சொல்லுகிற பேச்சு அது. அம்மா போனை வைத்துவிட்டார்.

இப்படியே மூன்று நாள் போனது. ராத்திரி மனைவி பேசினாள்.

“குழந்தைக்கு உங்க மூக்காம். எங்கப்பா ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கார்.”

“போன்ல மூக்கே தெரியலையே.”

“நேர்ல வந்து பாருங்க. அவ கல்யாணத்துக்குள்ள வந்துருவீங்கல்ல?”

மறுநாள் காலையிலேயே வக்கீல் ஆபீசுக்குப் போய், டைப்பிஸ்ட் அம்மா பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். கட்டுக்கட்டாகக் காகிதம் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அம்மாவின் பத்து விரலும் மழை மாதிரி விழுந்தன. இரண்டு பாரா அடித்தார். முதலில் எப்படி இருந்தது என்று பார்க்க அன்டூ பண்ணினார். இடது கையைத் தாடையில் வைத்துத் திரையையே பார்த்தார். அப்போது வலது கட்டைவிரல் மட்டும் தானாக இறங்கி, ஸ்பேஸ் பாரில் டொக், டொக் என்று தட்டியது. சிலர் தலையைச் சொறிவார்களே, அந்த மாதிரி. பிறகு ரீடூ. ஒன்றும் வரவில்லை.

“அம்மா! கட்டைவிரல்!”

“அதுக்கென்ன?”

“ஸ்பேஸ் அடிக்கிறீங்க.”

“அது அடிக்கிறதா? யோசிக்கிறேன்ப்பா.”

தன் கட்டைவிரலை ஆமை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பிறந்ததிலிருந்து அது கீபோர்டைத் தொட்டதே கிடையாது. பிறகு நூறு தடவை என்ன, ஆயிரம் தடவை செய்தாலும் எங்கே தெரியப்போகிறது?

மேனேஜருக்குப் போன் போட்டான். “யோசிக்கும்போது கையைத் தூக்கிக்கச் சொல்லு, முடிஞ்சது,” என்றார் அவர். ஆமை அம்மாவின் முகத்தைப் பார்த்தான். “சொல்லிட்டேன் சார்,” என்று அங்கேயே பொய் சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் திறந்து கொத்த ஆரம்பித்தான். எடிட்டருக்கு அவன் எழுதின உத்தரவு இதுதான்: அன்டூவுக்குப் பிறகு வெறும் ஸ்பேஸ் விழுந்தால் கணக்கில் சேர்க்காதே. ஒரு எழுத்தாவது விழட்டும், அப்புறம் பழசை விடு. அதற்குள் ரீடூ கேட்டால், ஸ்பேஸையெல்லாம் பெருக்கித் தள்ளிவிட்டுப் பழசைக் கொடு. மொத்தம் ஒன்பது வரி.

அம்மா ஆசை தீர யோசித்தார். டொக், டொக், டொக். ரீடூ. இரண்டு பாராவும் வந்து நின்றன.

“ம், இப்ப புத்தி வந்திருக்கு,” என்று பேனாவை எடுத்தார். “ஆமா, நீ ஏன் இவ்வளவு பறக்கிற?”

“குழந்தை பிறந்திருக்கும்மா. மூக்கு என்னை மாதிரின்னு கேள்வி.”

“கேள்வியா? நீ பார்க்கல?”

“உங்க கையெழுத்து வந்தாத்தான் லீவு.”

அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அட பாவி! சொல்லியிருந்தா முதல் நாளே போட்டிருப்பேனே! எனக்கு அன்டூ தேவைப்படறதே மாசத்துக்கு ஒரு தடவைதான்.”

ஆமைக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அம்மா கையெழுத்துப் போட்ட காகிதத்தை வாங்கிக்கொண்டு ஓடினான். இந்த ஒரு தடவைதான் அவன் ஓடி அந்த ஊர் பார்த்தது.

சாயங்காலம் மாமனார் வீட்டில், கைகழுவி வந்ததும் மாமியார் போர்வை மூட்டையை அவன் கையில் வைத்தார். குழந்தை ஒரு கண்ணைத் திறந்தது. உதட்டை ஒரு பக்கமாக இழுத்தது.

“பாருங்க மாப்பிள்ளை, அப்பாவைப் பார்த்துச் சிரிக்குது!”

“வயித்து வாயுதாம்மா அது,” என்றாள் மனைவி. “பால் குடிச்சா அப்படித்தான் இழுக்கும். காலையில ஜன்னலைப் பார்த்தும் இழுத்தா.”

“இல்ல,” என்றான் ஆமை, கண்ணை எடுக்காமல். “என்னைப் பார்த்துத்தான்.”