கோட்டுக்குள் அப்பா

பழைய கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் முதலில் வந்தது வாசனைதான். பல்லி எச்சம், தூசி, என்றைக்கோ செத்த எறும்பு. பழைய நாட்கள் என்றால் சிலருக்குப் பிச்சிப்பூ மணக்குமாம். எனக்கு வாய்த்தது இது. நாகர்கோவிலில் ஒரு மாடி ஸ்டுடியோவில் நான் வேலை பார்த்த வருடங்கள் முழுக்க இந்த நாற்றம்தான்.

கழற்றச் சொன்னது அக்கா. போன வாரம் வந்தவள் நடுவீட்டுச் சுவரில் மாலையோடு தொங்கும் அப்பா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சாதாரணமாகத்தான் சொன்னாள். "மக்கா, அப்பாவ நெனச்சா இந்தக் கோட்டுக்காரந்தான் வாறான். அப்பா முகம் எனக்கு மறந்து போச்சு. ஒனக்க பழைய டப்பாவுல நல்ல படம் ஏதாவது கெடக்கா?" அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அழவில்லை, அதனால் பயமாக இருந்தது.

கோட்டு விஷயத்தைச் சொல்லவேண்டும். எங்கள் ஸ்டுடியோவுக்குச் சோறு போட்டது கல்யாணம் இல்லை, சாவு. செத்தவரின் பிள்ளைகள் ரேஷன் கார்டுப் படத்தையோ, ஏதோ கல்யாணக் கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்கும் தலையையோ கொண்டுவருவார்கள். முதலாளி கழுத்தோடு அறுத்து, கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருக்கும் ஒரு நீலக் கோட்டில் செருகுவார். ஒரே கோட்டு, ஒரே டை. வாழ்நாளெல்லாம் தோளில் துவர்த்துத் துண்டுக்கு மேல் எதுவும் போடாமல் வயலில் நின்ற மனிதர்கள் செத்த பிறகு பேங்க் மேனேஜர் ஆனார்கள். அடுத்தது முகத்தை வெளுப்பது, அது என் பொறுப்பு. மரு, சுருக்கம், வெட்டுக்காயம் எல்லாம் போய்விடும். அய்யாவழிக்காரர்கள் மட்டும் நெற்றி நாமத்தில் கை வைக்க விடமாட்டார்கள். மற்றபடி அவர்களுக்கும் கோட்டுதான். படத்தை வாங்கிப் பார்த்ததும் மகன்காரன் முகத்தில் வரும் பெருமிதத்தைப் பார்க்கவேண்டுமே! சொந்தத் தகப்பனை அடையாளம் தெரியாமல் ஆக்கித் தருவதற்கு மனிதர்கள் இவ்வளவு நன்றி சொல்வார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பெண் பார்த்த காலத்தில் தரகர் என்னை 'டிசைனர்' என்று சொல்லித் திரிந்தார். பிணத்துக்கு முகம் வழிக்கிற வேலை என்று சொன்னால் யார் பெண் கொடுப்பார்கள்?

எங்கள் அப்பாவுக்கு முகம் முழுக்க அம்மைத் தழும்பு. சின்ன வயதில் பெரியம்மை வந்து பிழைத்தவர். மழைத்துளி விழுந்த புழுதி மாதிரி இருக்கும் கன்னம். ஒரு கன்னத்தில் மட்டும் ஒரு தழும்பு பெரிதாக இருக்கும். அதனாலேயே கேமராவைக் கண்டால் நழுவிவிடுவார். சுசீந்திரம் பக்கத்தில் எங்கள் வீட்டில் நடந்த அக்கா கல்யாணத்தில் மட்டும் மாட்டிக்கொண்டார். கல்யாணச் சமையலுக்குப் போட்ட ஆக்குப்புரையில் தலையில் துவர்த்தைக் கட்டிக்கொண்டு, உள்ளங்கையில் ஊற்றிய எரிசேரியை நக்கிவிட்டு, சமையல்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். புது டிஜிட்டல் கேமராவில் பிளாஷ் அடிக்கிறதா என்று பார்க்க முதலாளி எடுத்த படம் அது.

அப்பா போனபோது பெரிய படத்தை முதலாளியே செய்து, கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தார். பால் மாதிரி கன்னம், நீலக் கோட்டு. நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டு, "செத்த மனுசனுக்குத் தழும்பு எதுக்குலே?" என்றார். வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் லட்சணமாக இருக்கிறது என்றார்கள். இருந்தபோது அந்த முகத்தை ஒருத்தரும் லட்சணம் என்று சொன்னதில்லை.

பிறகு ஸ்டுடியோவை மூடினார்கள். அந்த இடத்தில் இப்போது செல்போனுக்கு உறை விற்கிறார்கள். யாருக்கும் வேண்டாத கம்ப்யூட்டர் என் கட்டிலடிக்கு வந்தது.

இப்போது அதற்கு உயிர் இல்லை. டிஸ்க்கை மட்டும் எடுத்து என் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டவேண்டும். அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் அத்தான், குவைத்தில் கிரேன் ஓட்டியவர். அதனால் உலகத்தில் அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. கழற்றி அப்படியே சொருகினால் பழையபடி எல்லாம் எழுந்து வரும் என்றார். சொருகத் துளை எங்கே? பழையதற்குப் பாய் மாதிரி அகல வயர், புதியதற்கு விரல் அகலம். டவுனுக்குப் போய் இரண்டையும் இணைக்கும் வயர் வாங்கினேன். கடைக்காரர் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மியூசியத்தில் கேட்டீர்களா என்றார். நக்கலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமே கிடையாது.

அக்காவும் அத்தானும் பக்கத்தில் இருக்க, மாட்டினோம். டிஸ்க் கரகரவென்று சுற்றியது. திரையில் ஒரு கேள்வி வந்தது: இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்யவேண்டும், செய்யவா? "கேக்குல்லா, செய்யட்டும்" என்று அத்தான் மவுசைப் பிடித்துத் திரையில் அம்பை நகர்த்தினார். செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று நான் கத்தி முடிப்பதற்குள் அக்கா அவர் கையிலிருந்து மவுசைப் பிடுங்கிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் எதையும் பிடுங்கிப் பார்த்ததில்லை. அத்தான் எழுந்து தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

வயரை உருவி அழுத்தி மாட்டியதும் திறந்தது. புதுசு, கடைசி, நிஜமாகவே கடைசி என்று போல்டர்கள். உள்ளே நீலக் கோட்டுக்காரர்கள் வரிசையாக. "இது நம்ம பால்காரர்லா" என்று அக்கா சிரித்தாள். கீழே அவள் கல்யாணப் போல்டர். ஆக்குப்புரைப் படமும் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தாள்.

அண்டா இருந்தது, புகை இருந்தது, சமையல்காரரின் தொப்பை இருந்தது. துவர்த்துக் கட்டோடு அப்பா சிரித்துக்கொண்டிருந்தார், வழவழவென்ற கன்னத்தோடு. கோட்டுக்குத் தலையை அறுக்கும் முன் முதலாளி இதே படத்திலேயே தழும்பை அழித்து, இதன்மேலேயே சேமித்திருக்கிறார். இடம் அடைக்கும் என்று எந்தப் படத்துக்கும் இரண்டாவது பிரதி வைக்க விட்டதில்லை அந்தக் கஞ்சன். ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு முகம் என்பார். அவரை மட்டும் திட்டி என்ன? இன்றைக்கு அந்த வேலையைக் கையில் இருக்கும் போனே, படம் எடுக்கும்போதே, கேட்காமல் செய்துவிடுகிறது. நாமும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறோம்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். என்னால் தாங்க முடியவில்லை. அழிக்கத் தெரிந்தவனுக்குப் போடத் தெரியாதா, நானே தழும்பைத் திரும்ப வரைகிறேன் என்றேன். "போடு மக்கா" என்று பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிரஷை எடுத்துக் கன்னத்துக்குக் கொண்டுபோனேன். பெரிய தழும்பு எந்தக் கன்னத்தில் என்று கேட்டாள்.

நான் இடது என்றேன். அவள் வலது என்றாள். பிரஷை அந்தப் பக்கம் கொண்டுபோய், வலதுதான் போலிருக்கிறது என்றேன் நான்.

"இல்ல மக்கா, நீ சொன்னதுதான் சரியாட்டு இருக்கும்" என்றாள் அக்கா.