வைத்துக்கொள்வதா, எரிப்பதா

என்னோடு விளையாட வருகிறவர்கள் கொஞ்ச நாளில் என்னோடு பேசுவதையே விட்டுவிடுவார்கள். சாம்ராஜ்யம் கட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் எனக்குக் கட்டுவதில் ஆர்வமே கிடையாது. முதல் நகரம் எழும்பியதும் கல்லெறியும் கவண்களைச் செய்யத் தொடங்கிவிடுவேன். எதிராளியின் மதிலை உடைத்து உள்ளே புகுந்தால், நகரத்தை வைத்துக்கொள்வதா, எரிப்பதா என்று திரையில் ஒரு பெட்டி வந்து கேட்கும். வைத்துக்கொண்டால் அந்தச் சனம் கலகம் செய்யும், அதற்குச் சோறும் போட வேண்டும். அதனால் எரிப்பேன். ஒரேயடியாக எரியாது. ஒவ்வொரு சுற்றிலும் சனத்தொகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் கரித்தரைதான் மிஞ்சும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்கும்.

என்னைச் சகித்துக்கொண்டவன் ஒருவன்தான். கண்டி டவுனில் ஃபோன் ரிப்பேர் கடையில் என்னோடு வேலை பார்த்தவன், பக்கத்து ஊரான திகனக்காரன். அவன் படையே வைக்க மாட்டான். ஊர் ஊராக வியாபாரப் பாதை போட்டுப் பணம் சேர்ப்பான், அந்தப் பணத்தைக் கொடுத்து அடுத்த நாட்டுக்காரனை என்மேல் ஏவிவிடுவான். லீவு நாட்களில் மஹய்யாவயில் எங்கள் வீட்டில், ஒரே லெப்டொப்பில் மாறி மாறி ஆடுவோம். ஒருவன் ஆடும்போது மற்றவன் கதிரையைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வேண்டும். தலைநகருக்கு அவன் தன் வாப்பாவின் துணிக்கடைப் பெயரைத்தான் எப்போதும் வைப்பான்.

திகனயில் முஸ்லிம்களின் கடைகளைக் கும்பல்கள் அடித்து எரிக்கத் தொடங்கிய அன்று, வேலைக்கு வந்தவனால் திரும்பிப் போக முடியவில்லை. பஸ் இல்லை, ஊரடங்கும் போட்டுவிட்டார்கள். அவனை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவனுடைய உம்மா சொந்தக்காரர் வீட்டில் பத்திரமாக இருந்தார். வாப்பா மட்டும் திகனயில் கடைக்கு மேல்மாடியில் தனியாக மாட்டிக்கொண்டிருந்தார்.

அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் லெப்டொப்பைத் திறந்தேன். பாதியில் விட்ட ஆட்டம் அப்படியே இருந்தது. என் கவண்கள் அவனுடைய தலைநகரைச் சுற்றி நின்றன. அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஃபோனை ஸ்பீக்கரில் போட்டான்.

"எதிர்க்கடை ஷட்டர ஒடைக்கிறானுகள் மகன்," என்றார் வாப்பா, மிகவும் தணிந்த குரலில். "நான் லைட்ட அணச்சிட்டுச் சத்தமில்லாம ஈக்கேன்."

தகரம் கிழியும் சத்தம் எங்கள் அறைக்குள் கேட்டது. கண்ணாடி நொறுங்கியது. யாரோ சிரித்தார்கள். பிறகு லைன் அறுந்தது. அவன் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தான். பதில் இல்லை.

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன். "போதும்டா, மூடிருவோம்."

"அடி."

"சும்மா இருடா."

"என்ன மச்சான், பாவம் பாக்கிறியா? வாப்பா மௌத்தாயிட்டார் எண்டு நெனச்சிட்டியா? அடி எண்டு செல்றேன்."

உண்மையில் அவர் செத்துவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தவனுக்கு அது என் முகத்தில் தெரிந்துவிட்டது. என்னைத் தள்ளிவிட்டு மவுஸைப் பிடுங்கினான். என் கவண்களை வைத்தே தன் மதிலை உடைத்தான், என் வாள்வீரர்களையே உள்ளே அனுப்பினான். பெட்டி வந்து கேட்டது. ஒரு நொடிகூட யோசிக்காமல் எரிப்பதை அமுக்கினான். திரையில் அந்தக் கடைப் பெயரின் மேல் புகை எழும்பியது.

பளாரென்று அவன் கன்னத்தில் அறைந்தேன். உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாத மனுசனை இவன் தன் கையாலேயே முடித்துவிட்டானே என்று எனக்கு அப்படியொரு ஆத்திரம். கதிரையோடு விழுந்தவன் எழும்பி வந்து என் கழுத்தைப் பிடித்தான். அலுமாரியில் என்னை மோதினான், அதன் கண்ணாடி விரிசல் விட்டது. நான் அவன் வயிற்றில் குத்தினேன். அவன் பிடியை விடவில்லை. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தார். "வெளிய எரியிறது பத்தாதுன்னு வீட்டுக்குள்ளயும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

அப்போதுதான் ஃபோன் அடித்தது. ஒரு கை என் கழுத்தில் இருக்க, மறு கையால் அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"பின்சுவரால பாஞ்சிட்டேன் மகன். கால் பெரண்டிடிச்சி, வேற ஒண்டுமில்ல. கடை எரியிது. இங்கேருந்து பாக்க வெளங்குது." இவன் இரைப்பது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். "ஏன் மகன் மூச்சு வாங்குது? அங்கயும் அடிக்கிறானுகளா?"

அவன் என்னைப் பார்த்தான். கழுத்திலிருந்து கையை எடுத்தான். அவன் கன்னத்தில் என் விரல்கள் ஐந்தும் பதிந்திருந்தன.

"இல்ல வாப்பா. கேம் ஒண்டு ஆடினோம். நான் தோத்துட்டேன்."

கண்முன்னே கடை எரிந்துகொண்டிருக்க, அந்த மனுசன் சிரித்தார். மகனுக்குத் தைரியம் வரட்டும் என்று சிரித்த சிரிப்பு அது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.