ஹாஜரி புத்தகத்தில் இருபத்திரண்டு நாள்

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விசாரணை அதிகாரி. கல்வி இலாகாவில் பெரிய பதவி. கன்னடக்காரர், தமிழும் புரியும்.

அவர் சொல்வதை டைப் அடிக்கிற அம்மா.

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு மிஸ். வழக்கு அவருடையது.

மிஸ்ஸின் வக்கீல். சின்னப் பெண். பேச ஆரம்பிக்கும் முன் ஒரு மடக்கு தண்ணீர் குடிப்பாள்.

பள்ளிக்கூடம் நடத்துகிற கமிட்டியின் செயலாளர்.

கமிட்டியின் வக்கீல். வயதானவர். கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டிருந்தார்.

சயன்ஸ் சார். கமிட்டி இவரைத்தான் ஹெட்மாஸ்டர் ஆக்கியிருந்தது.

கடைசியில் நான். அட்டெண்டர். கதவோரம் ஸ்டூலில் இருந்தேன். டீச்சர்கள் தினமும் வந்ததும் கையெழுத்துப் போடுகிற ஹாஜரி புத்தகங்களில் பழையதைத் தூக்கி வருவதற்குத்தான் என்னைக் கூட்டிப் போனார்கள். பேச யாரும் கூப்பிடவில்லை.

நான் படித்தது ஏழாவது வரை. லிங்கராஜபுரத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்திருந்தேன். மணி அடிப்பது, வகுப்பு பூட்டுவது திறப்பது, தபால் கொண்டுபோவது. பள்ளிக்கூடம் கமிட்டியுடையது, சம்பளம் கவர்மென்டுடையது. ரிட்டயர் ஆக இன்னும் பதினாலு மாதம் இருந்தது.

வழக்கு இதுதான். பழைய ஹெட்மிஸ்ட்ரஸ் ரிட்டயர் ஆனார். அடுத்த சீனியர் கணக்கு மிஸ். ஆனால் கமிட்டி அவரை விட்டுவிட்டு, அவருக்கு இரண்டு வருஷம் பின்னால் வந்த சயன்ஸ் சாரை உட்கார வைத்தது. கேட்டதற்கு, மிஸ்ஸின் பி.எட். செல்லாது என்றார்கள். அது தபால் வழியில் படித்த பி.எட். அதற்கு மைசூரில் போய் நேரில் உட்கார்ந்து படிக்கிற வகுப்பு ஒரு மாதம் உண்டு. அந்த வகுப்புக்கு மிஸ் போகவே இல்லை, சர்ட்டிஃபிகேட் மட்டும் வாங்கிக்கொண்டார் என்பது கமிட்டியின் பேச்சு. பி.எட். போனால் சீனியாரிட்டி போய்விடும். சீனியாரிட்டி போனால் நாற்காலியும் போய்விடும்.

மிஸ் கோர்ட்டுக்குப் போனார். அதுவரை சயன்ஸ் சார் ஹெட்மாஸ்டராகக் கையெழுத்துப் போடக் கூடாது என்று கோர்ட் ஸ்டே கொடுத்தது. இலாகாவே விசாரித்து முடிவு சொல்லட்டும் என்றும் சொன்னது. அப்படித்தான் இந்த விசாரணை வந்தது.

முதல் நாள் விசாரணையில் கமிட்டி வக்கீல் ஒரு புத்தகத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். ஏறக்குறைய இருபது வருஷத்துக்கு முந்தைய ஹாஜரி புத்தகம். அந்த மைசூர் மாதத்தில் மிஸ் பெயருக்கு நேரே இருபத்திரண்டு நாளும் கையெழுத்து இருந்தது.

"மைசூர்ல கிளாஸ், இங்க கையெழுத்து. ரெண்டு எடத்துல ஒரே ஆளு எப்படிங்க?" என்றார் வக்கீல்.

மிஸ் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது என் கையெழுத்து இல்ல சார்."

"பின்ன யாருது? பேய் வந்து போட்டுச்சா?"

செயலாளர் சிரித்தார். நானும் பார்த்தேன். பேய் இல்லை. நான் போட்டது.

அந்தப் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கி, தூசு தட்டி, செயலாளர் கையில் கொடுத்ததும் நான்தான். எதற்கென்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் மணி அடித்துக் கால் மணி நேரத்தில் ஹாஜரி புத்தகம் ஹெட்மாஸ்டர் மேசைக்குப் போய்விடும். அப்போது இருந்தவரைப் பெரிய சார் என்போம். இப்போது இல்லை, இறந்துவிட்டார். கட்டம் காலியாக இருந்தால் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். மூன்று சுழி சேர்ந்தால் ஒரு லீவு வெட்டு. எங்கள் பக்கத்தில் அப்போது மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ் சுற்றிச் சுற்றி வரும். டீச்சர்கள் ஓடி வருவார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். புத்தகத்தைத் தூக்கிப் போகும்போது காலிக் கட்டங்களில் நானே போட்டுவிடுவேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மேல் வரிசையைப் பார்த்து வரைந்துவிடுவேன். யாரும் போடச் சொன்னதில்லை. போடாதே என்றும் சொன்னதில்லை. எல்லாருக்கும் அது வழக்கம் ஆகிவிட்டது.

மிஸ் மைசூருக்குப் போனது பெரிய சாருக்குத் தெரியும். லீவு லெட்டர் அவரிடம் கொடுத்துத்தான் போனார். எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் நாள், பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று போட்டேன். இரண்டாம் நாளும் போட்டேன். மூன்றாம் நாள் விஷயம் தெரிந்தது. இப்போது நிறுத்தினால் முதல் இரண்டு நாள் யார் போட்டது என்று கேள்வி வரும். அதனால் மூன்றாம் நாளும் போட்டேன். அப்படியே இருபத்திரண்டு நாள். பெரிய சார் காலிக் கட்டத்தை மட்டும்தான் தேடுவார், ரொம்பின கட்டத்தைப் பார்க்க மாட்டார். சம்பள லீவு என்பதால் சம்பளத்தில் வித்தியாசம் தெரியவில்லை. மாதக் கடைசியில் பெரிய சார் கண்ணாடி போடாமலே அடியில் கையெழுத்துப் போட்டார். மிஸ் கொடுத்த லீவு லெட்டர் ஒரு மழையில் ஃபைலோடு நனைந்து கூழாகிவிட்டது.

இவ்வளவுதான் நடந்தது. இருபது வருஷம் யாருக்கும் தொந்தரவு இல்லை.

இரண்டாம் விசாரணைக்கு முந்தின சாயங்காலம் வீட்டில் என் மனைவி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா, மூஞ்சி இப்டி இருக்கு?"

சொன்னேன். முழுக்கக் கேட்டாள். கை நிற்கவில்லை.

"ரேஷன் ஃபாரத்துல எம்பேர எழுதச் சொன்னா மூணு தப்பு வுடுவ. நீ இங்கிலீஷ்ல கையெழுத்துப் போட்டியா?"

"பாத்து வரைஞ்சேன்."

"அட்றா. எனக்கு ஒரு கோலம் வரைஞ்சு குடுத்ததில்ல."

கொஞ்ச நேரம் உரித்தாள்.

"சொன்னா வேல போயிடுமா?"

"போவலாம். பென்ஷனும் இழுக்கும்."

"சொல்லலன்னா?"

"மிஸ்ஸுக்கு நாற்காலி போயிடும். திருட்டு சர்ட்டிஃபிகேட்டுன்னு பேரு நிக்கும்."

"பொண்ணு வைட்ஃபீல்டுல வேலைக்குப் போறா. நானும் ரெண்டு வீடு பாக்கறேன். மூணு பேருக்கு எவ்ளோ சோறு வேணும்? போய்ச் சொல்லு." முறத்தை என் பக்கம் தள்ளினாள். "இப்ப இத உரி."

உரித்தேன்.

மறுநாள் அந்த அறைக்குப் போனோம். கமிட்டி வக்கீல் பழைய பேச்சையே பேசினார். சின்ன வக்கீல் பெண் மைசூர் சர்ட்டிஃபிகேட்டைக் காட்டினாள். அதுதான் பொய் என்கிறோமே என்றார் அவர். அதிகாரி ஃபைலை மூடப் போனார். நான் எழுந்தேன்.

"சார், ஒரு விஷயம்."

கமிட்டி வக்கீல் திரும்பினார். "நீ புக்கு தூக்க வந்தவன்பா. உக்காரு."

"தூக்கிட்டேன் சார். இப்ப இது."

அதிகாரி கன்னடத்தில் என்னவென்று கேட்டார். நானும் கன்னடத்தில்தான் சொன்னேன். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"அந்த இருபத்திரண்டு கையெழுத்தும் நான் போட்டது."

டைப் சத்தம் நின்றது.

செயலாளர், "இவனுக்கு ஏ பி சி டி தெரியாது சார்" என்றார்.

"தெரியாது. வரையத் தெரியும்."

அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "போடு பாப்போம்."

நின்றுகொண்டே போட்டேன். முதலில் அடியில் ஒரு கோடு இழுத்தேன். அதன் மேல் மிஸ்ஸின் கையெழுத்தில் இருக்கிற மூன்று எழுத்தையும் வைத்தேன்.

"கோடு எதுக்கு?"

"கோடு இல்லாம எனக்கு எழுத்து நேரா நிக்காது சார். கோடு போட்ட நோட்டுலதான் படிச்சேன்."

தாளைப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இருபத்திரண்டின் அடியிலும் கோடு இருந்தது. அதற்கு முந்தின மாதம் மிஸ் தானே போட்டவற்றில் கோடு இல்லை. பிறகு அவராகவே பக்கங்களைத் திருப்ப ஆரம்பித்தார்.

"இதுக்கும் கோடு இருக்கே. இது யாரு?"

"தமிழ் மிஸ். லேட்டா வந்திருப்பாங்க."

"இது?"

"டிரில் மாஸ்டர்."

"இது?"

நான் குனிந்து இன்னொரு தரம் பார்த்தேன். அவர் விரலை எடுக்கவில்லை.

"சயன்ஸ் சாருது."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். கமிட்டி வக்கீல், "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார்" என்றார்.

சயன்ஸ் சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அது என் கையெழுத்து இல்ல. அப்ப எனக்கும் பஸ் கெடைக்காது. வந்து பாத்தா கட்டம் ரொம்பியிருக்கும். பேசாம கிளாசுக்குப் போயிடுவேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"மேடம் அந்த மாசம் பூரா இங்க இல்ல. மைசூர்லதான் இருந்தாங்க. அவங்க கணக்குப் பீரியடு நான்தான் எடுத்தேன். டெசிமல் நடத்தத் தெரியாம முழிச்சேன், அதான் ஞாபகம் இருக்கு."

செயலாளர் அவரையே பார்த்தார். "ஏன் சார் எங்ககிட்ட சொல்லல?"

"மேடம் போனாங்களான்னு நீங்க கேக்கவே இல்லயே. எனக்குப் போஸ்ட் வேணுமான்னு மட்டும் கேட்டீங்க."

அதிகாரி டைப் அடிக்கிற அம்மாவைப் பார்த்து, எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். எழுதினதில் நான் கையெழுத்துப் போட்டேன். என் பெயரை, தமிழில். அதற்கும் கோடு போட்டுக்கொண்டேன்.

வெளியே டீக்கடையில் சயன்ஸ் சார் எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

"பதினாலு மாசந்தான இருக்கு உனக்கு? பொழைக்கத் தெரியாத ஆளுய்யா நீ."

"உங்களுக்கு சார்?"

"எனக்கு நாலு வருஷம் இருக்கு. என் கத உன்ன விட மோசம்."

மிஸ் வந்தார். சயன்ஸ் சாரைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவரும் அசைத்தார். சயன்ஸ் சார் ஒரு டீ அதிகமாகச் சொன்னார்.

"அண்ணா, மொத நாளே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் மிஸ்.

"சொல்லியிருக்கலாம் மிஸ். பயம்."

"எனக்கு அன்னிக்கே தெரியும். அந்தக் கோட்டப் பாத்ததும் தெரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சும் ஏன் மிஸ் என் பேரச் சொல்லல?"

"நான் சொன்னா கமிட்டி உங்கள அன்னிக்கே வெளிய தள்ளிடும். அப்புறம் எனக்கு சாட்சி யாரு? நீங்களா சொன்னாத்தான் உண்டுன்னு என் வக்கீலும் சொன்னா." கிளாசை வைத்தார். "அதுவும் இல்லாம, லேட்டு வந்தப்ப எல்லாம் எனக்கும் போட்டீங்க. நானும் பேசாமதான் இருந்தேன். அத மட்டும் எப்படித் தப்புன்னு சொல்றது?"

ஒன்றரை மாதம் கழித்து ஆர்டர் வந்தது. ரிஜிஸ்டர் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கினது நான். இங்கிலீஷில் இருந்ததால் ஆபீஸ் கிளார்க்கிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். மிஸ்ஸின் பி.எட். செல்லும். சீனியாரிட்டி அவருடையது. ஹெட்மிஸ்ட்ரஸ் அவர்தான். கடைசிப் பாராவில் நான் இருந்தேன். வேலை போகவில்லை. பென்ஷனில் கை வைக்கவில்லை. கடுமையாக எச்சரித்து மெமோ கொடுக்க வேண்டும் என்று இருந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "மெமோன்னா சட்டம் போட்டு மாட்டுவாங்களா?" என்று கேட்டாள். அன்று அவள் பாயசம் வைத்தாள். எதற்கென்று சொல்லவில்லை.

மிஸ் பதவி ஏற்ற அன்று காலை சயன்ஸ் சாரே பீரோ சாவிக்கொத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எந்தச் சாவி எதற்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். செயலாளர் வந்து காப்பி குடித்தார். "பாத்து நடத்துங்க மேடம்" என்றார். போய்விட்டார்.

பிறகு மிஸ் என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள் இருந்தது.

"அண்ணா, மொதல்ல இதுதான். ஆர்டர்ல இருக்கு, நான்தான் குடுக்கணும்."

"குடுங்க மிஸ்."

"கோவமா?"

"இல்ல மிஸ்."

கையெழுத்துப் போட்டார். ஹெட்மிஸ்ட்ரஸ் என்று அவர் போட்ட முதல் கையெழுத்து என் மெமோவில்தான். நான் எதிரே நின்று தலைகீழாகவே அதைப் பார்த்தேன்.

"என்ன பாக்கறீங்க?"

"கோடு இல்லாமயே நேரா வருது."

மிஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இந்த வழக்கு ஆரம்பித்த பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஸ்டே வந்த நாளிலிருந்து ஹெட்மாஸ்டர் கையெழுத்து இல்லாமல் காகிதங்கள் தேங்கிப்போயிருந்தன. டி.சி., ஸ்காலர்ஷிப் ஃபாரம், பிறந்த தேதி சர்ட்டிஃபிகேட், புதுப் பிள்ளைகளின் அட்மிஷன் ஃபாரம். கிளார்க் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து வைத்தார். வெளியே வராந்தாவில் அப்பா அம்மாக்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மிஸ் போடப் போட நான் பக்கத்தில் நின்று ரவுண்டு சீல் வைத்தேன். சீலை மையில் ஒற்றுவது, ஊதுவது, அடுத்தது. அவர் ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துத்தான் போட்டார். அதனால் நேரம் ஆனது. மத்தியான மணியை அன்று கிளார்க் போய் அடித்தார்.

சாயங்காலம் கட்டு தீர்ந்தது. அவர் கையாலேயே போட்டவை. மெமோவையும் சேர்த்து எண்ணினேன்.

எண்பத்து மூன்று.