கப்பலேறிய கையெழுத்து

மானம் கப்பலேறிப் போயிற்று என்று நம் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் சொல்வார்கள். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கொடுத்த காப்பியில் சர்க்கரை குறைந்தால்கூட மானம் கப்பலேறிவிடும். குருவம்மாளின் மானம் மட்டும் சொல்லுக்குச் சொல் அப்படியே, தனுஷ்கோடியில் கப்பலேறிக் கொழும்பில் போய் இறங்கியது. 1958ஆம் வருஷம், மே மாதம் கடைசி வாரம் நடந்தது இது.

குருவம்மாள் தென்காசி சுகாதார ஆபீசில் அம்மை குத்துகிறவள். அந்த வேலைக்குப் பெண் ஒருத்தி வேண்டும் என்று யாருக்கும் முதலில் தோன்றவில்லை. ஆண்கள்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் தெருமுனைக்கு வரும்போதே கதவுகள் சாத்திக்கொள்ளும். முன்பின் தெரியாத ஆம்பிளையிடம் கையை நீட்ட எந்த வீட்டுப் பெண்ணும் தயாராக இல்லை. பள்ளிவாசல் தெருவிலும் இல்லை, கோயில் தெருவிலும் இல்லை. 1950இல் எட்டாம் வகுப்பு படித்த பெண் தேவை என்று விளம்பரம் போட்டார்கள். இரண்டு பேர் வந்தார்கள். ஊசியைக் கண்டதும் ஒருத்தி மயங்கி விழுந்தாள். அவளுக்கு முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியவள் குருவம்மாள். வேலை அவளுக்குக் கிடைத்தது.

குத்துவது பெரிய காரியமில்லை, பிடித்ததா என்று பார்ப்பதுதான் வேலை என்பாள். அம்மைப்பால் வைத்த எட்டாம் நாள் அந்த இடத்தில் கொப்புளம் எழும்பியிருக்க வேண்டும். எழும்பாவிட்டால் பால் பிடிக்கவில்லை, திரும்பக் குத்த வேண்டும். மற்றவர்கள் குத்திய கையோடு சர்டிபிகேட்டில் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிடுவார்கள். இவள் எட்டாம் நாள் போய்க் கையைப் பார்க்காமல் பேனாவைத் திறக்க மாட்டாள். ஒருத்தன் எட்டாம் நாள் பார்த்து ஆலங்குளத்தில் மாமியார் வீட்டு விருந்துக்குப் போய்விட்டான். அடுத்த பஸ்ஸில் போய் இறங்கினாள். இலையில் உட்கார்ந்திருந்தவனைச் சட்டைக் கையை மடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, மாமியார் கொடுத்த பாயசத்தையும் குடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

கொழும்புக்குப் போகிறவர்களுக்கு அந்த சர்டிபிகேட் உயிர் மாதிரி. மண்டபத்தில் இலங்கைச் சர்க்கார் ஒரு முகாம் வைத்திருந்தது. பயணிகளை அங்கே சில நாள் தங்கவைத்து, காய்ச்சல் தலைவலி பார்த்து, காகிதத்தைப் பார்த்துத்தான் கப்பலுக்கு விடுவார்கள். காகிதம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அதற்காகவே குருவம்மாள் ஒரு மாதம் சிலேட்டில் எழுதி எழுதி ‘எஸ். குருவம்மாள்’ என்று ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடப் பழகினாள். கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு சுழி போடுவாள். அந்தச் சுழியில் அவளுக்கு அலாதியான பெருமை.

அந்தச் சுழியைத்தான் மண்டபத்து டாக்டர் கடிதம் போட்டுக் கேள்வி கேட்டிருந்தார். தென்காசி எம். பீர் மைதீன், வயது இருபத்தொன்று. முகாமுக்கு வந்த மூன்றாம் நாள் காய்ச்சல், ஆறாம் நாள் பெரியம்மை. சின்ன வயதில் குத்திய பழைய தழும்பைத் தவிர வேறு தழும்பு இல்லை. ஆனால் அவனிடமுள்ள காகிதத்தில், ஒரு மாதத்துக்கு முன்பு குத்திப் பிடித்திருப்பதாக எஸ். குருவம்மாள் கையெழுத்து இருக்கிறது. இதற்குச் சரியான பதில் வரும்வரை தென்காசிக் காகிதம் எதையும் ஏற்பதற்கில்லை. கடிதத்தின் நகல் ஒன்று கொழும்புக்கும் போயிருந்தது.

ஆபீசர் ஞானசம்பந்தம் கெட்ட மனிதர் இல்லை. ஃபைலைக் கண்டால் பயப்படுகிற மனிதர், அவ்வளவுதான். இன்னும் மூன்று வாரத்தில் குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிடும், நாலு ஜில்லாவிலிருந்தும் சனம் வந்து குவியும், இந்த நேரத்தில் தென்காசியில் பெரியம்மை என்ற பேச்சே எழக்கூடாது என்பது அவர் கவலை. கூட்டத்தில் பார்க்காமல் போட்டுவிட்டேன், மன்னிக்கவும் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் விஷயம் முடிந்துவிடும் என்றார்.

“பாக்காம போட்டேன்னு எழுதுனா, எட்டு வருஷமா நான் போட்ட கையெழுத்து அம்புட்டும் பொய்யாயிரும் சார்” என்றாள் குருவம்மாள்.

திங்கள்கிழமைவரை தவணை கொடுத்தார்.

பஸ் கம்பெனியில் டிக்கெட் எழுதுகிற அவள் கணவன் சங்கரபாண்டி, எதையும் வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறவன். “உன் கையெழுத்து கொழும்பு பாத்துட்டு. நாம இன்னும் பாவநாசம் தாண்டல” என்றான். எப்போதும் சிரிக்கிறவள் அன்று சிரிக்கவில்லை. தன் நோட்டை எடுத்துப் புரட்டினாள். பீர் மைதீன், நெசவுத் தெரு, இடது கை, இரண்டு கொப்புளம், நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அவள் எழுத்திலேயே இருந்தது. அந்தக் கைகூட ஞாபகம் வந்தது. தொட்டதுமே கூச்சம் தாங்காமல் சிரித்த பையன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் நெசவுத் தெருவுக்குள் நுழைந்தாள். வெள்ளிக்கிழமை என்றால் அந்தத் தெருவில் கறிக்குழம்பு. ஒவ்வொரு வாசலைக் கடக்கும்போதும் வெங்காயம் வதங்குகிற வாசம், கறிவேப்பிலை பொரிகிற சத்தம். அண்ணன் தம்பியான மைதீனும் மசூதும் சேர்ந்து குடியிருந்த பீர் மைதீன் வீட்டுக்கு முன்னால் வந்ததும் வாசம் சுத்தமாக நின்றுபோனது. அடுப்புப் புகை வருகிறது, சோறு வடித்த கஞ்சி மணம் வருகிறது, தாளிப்பு மட்டும் இல்லை. அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள். எண்ணெய் காய்ந்தால் அம்மை கோபித்துக்கொள்ளும் என்பார்கள். கும்பிடுகிற இடம் வேறாக இருந்தாலும் அம்மை வந்துவிட்டால் ஊர் முழுக்க ஒரே சமையல்தான்.

அண்ணன் மைதீனின் மனைவி ஜன்னத் கதவைத் திறந்தாள். எல்லாரும் சுகம் என்றாள். தறிக்குழியில் உட்கார்ந்திருந்த பையன் ஒருவன் எட்டிப் பார்த்து, குருவம்மாளைக் கண்டதும் கூச்சத்தோடு சிரித்தான். அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். சட்டைக் கையை ஏற்றச் சொன்னாள். இடது கையில் இரண்டு புதுத் தழும்பு, அவள் நோட்டில் எழுதியபடியே இருந்தது.

“உன் பேரென்ன?”

“நீங்கதானே எழுதுனிய. பீர் மைதீன்.”

“அப்ப மண்டபத்துல கெடக்கது யாரு?”

“அவனும் பீர் மைதீன்தான்” என்றாள் ஜன்னத், இதில் என்ன அதிசயம் என்பது போல.

அதிசயம் ஒன்றும் இல்லைதான். அண்ணன் தம்பி இருவரும் தங்கள் வாப்பாவின் பேரைத் தலைமகனுக்கு வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் ஒருவன் பெரிய பீர், இன்னொருவன் சின்ன பீர். கொழும்பு ஜவுளிக்கடைக்குப் பெரிய பீர் போவதாகத்தான் ஏற்பாடு. கடைசி நேரத்தில் தறியில் ஏற்றிய பாவு நூலை நெய்து முடிக்க ஆள் இல்லாமல் போனதால் சின்ன பீரை அனுப்பினார்கள். அவன் கையில் பெரிய பீரின் காகிதத்தைக் கொடுத்துவிட்டார்கள். தமிழில் எழுதினால் மைதீன் மகன் மை. பீர் மைதீன், மசூது மகன் ம. பீர் மைதீன். ஆங்கிலத்தில் இரண்டு பேரும் ஒரே எம்.

“பேருக்குத்தானே பேப்பரு? பேரு சரியாத்தானே இருக்கு” என்று கேட்டாள் ஜன்னத்.

குருவம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டாள். “பால் குத்துனது பேருலயா, கையிலயா?”

அதற்குள் அடுக்களையிலிருந்து மசூதின் மனைவி பாத்திமுத்து வெளியே வந்தாள். அவள் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தைதான். “மண்டபத்துல கெடக்கதுன்னு சொன்னியளே. எம்பிள்ளை இன்னும் கொழும்பு போய்ச் சேரலையா?”

சொல்லத்தான் வேண்டியிருந்தது. பாத்திமுத்து அழவில்லை. உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். வேப்பிலைக்கு நடுவே அவள் மகள், ஒன்பது வயது நூர்நிஷா, படுத்திருந்தாள். குருவம்மாள் பிள்ளையின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையிலும் பொருக்கு, பாதத்திலும் பொருக்கு. சின்னம்மை அங்கெல்லாம் இப்படி அப்பாது. பெரியம்மைதான். ஆனால் பொருக்கு காய்ந்து உதிர்கிற கட்டம், பிள்ளை பிழைத்துக்கொண்டது. செங்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த பிறகு கண்டதாம். வெளியில் சொன்னால் வீட்டைப் பூட்டிவிடுவார்கள், பையனின் பயணம் கெட்டுவிடும் என்று மறைத்திருந்தார்கள்.

குருவம்மாளுக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தாள். ஒளித்துவைத்து ஒளித்துவைத்துத்தானே ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தீர்கள் என்றாள். பாத்திமுத்து தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். எனக்காக ஏதாவது செய்யுங்கள் என்று ஒரு வார்த்தை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குருவம்மாளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அடுத்தவன் காகிதத்தில் போனான் என்று எழுதினால் அவள் கையெழுத்து தப்பிக்கும். பையன் மேல் கேஸ் வரும், கொழும்பை அவன் இனி படத்தில்தான் பார்க்க முடியும்.

அன்று சாயங்காலத்துக்குள் அவள் பதில் எழுதி முடித்தாள். நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட கை இங்கே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். தங்களிடம் இருப்பவர் அவருடைய சித்தப்பா மகன். அவருக்கும் அதே பெயர், ஆங்கிலத்தில் அதே முதலெழுத்து. பெயர் சரியாக இருப்பதால் காகிதமும் சரி என்று வீட்டார் நம்பி அனுப்பியிருக்கிறார்கள், களவாக இல்லை. எம் என்று எழுதி நிறுத்திக்கொண்டது என் குறை. பார்க்காமல் போட்டது என் குறை அல்ல. அப்படி நான் ஒருநாளும் போட்டதில்லை. தங்களிடம் இருப்பவரின் தாயார் பெயர் பாத்திமுத்து. இனி தென்காசிக் காகிதங்களில் தாயார் பெயரும் எழுதப்படும்.

ஞானசம்பந்தம் இதை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தவர், கடைசி வரியில் பேனாவை நிறுத்தினார். அந்த வீட்டுப் பெண்கள் பெயர் வெளியாருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

“எனக்குத் தெரியும் சார். அந்தத் தெருவுல பொம்பளைக பேரு அம்புட்டும் தெரியும்.”

உண்மை. எட்டு வருஷம் அடுக்களைக்குள் உட்கார்ந்து கை பார்த்தவளுக்குத் தெரியாத பெண் பெயர் அங்கே இல்லை. ஊரில் எந்த ஆபீசரிடமும் இல்லாத ஜாபிதா அது.

அதற்குப் பிறகு பதினெட்டு நாள் அவள் நிம்மதியாகத் தூங்கவில்லை. நெசவுத் தெருவில் மட்டும் நானூறுக்கு மேல் கைகள். செங்கோட்டைக் கல்யாணத்தில் யார் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று பாத்திமுத்துவிடமும் ஜன்னத்திடமும் கேட்டுக் கேட்டு எழுதினாள். அந்த ஜாபிதாவை வைத்துச் செங்கோட்டையில் இரண்டு வீட்டையும் புளியறையில் ஒரு வீட்டையும் கண்டுபிடித்தார்கள். மூன்றிலும் அம்மை இருந்தது. குற்றாலத்தில் கடைக்காரர், சமையல்காரர், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒருவரையும் விடவில்லை. சங்கரபாண்டி தன் பஸ் டிரைவர்களை வரிசையாக நிறுத்திக்கொடுத்து, கடைசியில் தானும் கையை நீட்டினான். ஜூன் பாதியில் சாரல் விழுந்தது. வழக்கம்போலக் கூட்டம் அருவியில் முட்டி மோதியது. அந்தச் சீசனில் குற்றாலத்தில் ஒருவருக்கும் அம்மை இல்லை. இதற்குப் பெருமைப்படாமல் வேறு எதற்குப் பெருமைப்படுவது? குருவம்மாள் பட்டாள், வாய்விட்டுச் சொல்லியே பட்டாள்.

ஜூலையில் மண்டபத்திலிருந்து பதில் வந்தது. ஞானசம்பந்தம் எழுந்து நின்று அதை வாசித்தார். எஸ். குருவம்மாள் கையெழுத்துள்ள தென்காசிக் காகிதங்கள் இனித் தடையின்றி ஏற்கப்படும். தாயார் பெயர் எழுதும் வழக்கத்தை மற்ற ஊர்களுக்கும் சிபாரிசு செய்கிறோம். முகாமில் அந்த மாதம் எம். பீர் மைதீன்கள் மூன்று பேர் இருந்தார்கள். தாயார் பெயரைக் கேட்டுத்தான் உரியவரை அடையாளம் கண்டோம். அவர் குணமாகிக் கப்பலேறிவிட்டார். உறைக்குள் இன்னொரு சின்ன உறையும் இருந்தது. சின்ன பீர் தன் உம்மாவுக்கு எழுதியது. மேலே தாயார் பாத்திமுத்து அவர்களுக்கு என்று எழுதியிருந்தது.

குருவம்மாள் அதை எடுத்துக்கொண்டு நெசவுத் தெருவுக்குப் போனபோது மசூது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். மகன் பிழைத்ததில் சந்தோஷம்தான். ஆனால் வீட்டுப் பெண் பேரைச் சர்க்கார் காகிதத்தில் எழுதி ஊர் ஊராக அனுப்புவது முறையா என்று தெருவில் நாலு பேர் கேட்கிறார்களாம். அண்ணன் மைதீனும் ஆமாம் என்றார். இனிமேல் வேண்டாம், வாப்பா பேரே போதும் என்று குருவம்மாளிடம் சொல்லிவிடுவதாக இருவரும் முடிவெடுத்திருந்தார்கள்.

கதவுக்குப் பின்னால் நின்றுதான் பாத்திமுத்து எப்போதும் பேசுவாள். அன்று நடுவாசலுக்கு வந்தாள். மகன் கடிதம் கையில் இருந்தது.

“உங்க ரெண்டு பேரு பேரும் ஒரே எழுத்துல நின்னுபோச்சு. எம்பேரைக் கேட்டுத்தான் எம்பிள்ளையை எடுத்துக் கொடுத்திருக்காக” என்றாள். “எழுதுங்கக்கா. நல்லா பெருசா எழுதுங்க.”

மைதீன் தறிப் பக்கம் பார்த்துக்கொண்டார். அடுத்த மாதம் பெரிய பீரும் கொழும்புக்குப் போவதாக இருந்தது. குருவம்மாள் பையிலிருந்து புதுக் காகிதத்தை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டு, தாயார் ஜன்னத் என்று எழுதினாள். பெரிய பீரைக் கூப்பிட்டு அவன் கையை இன்னொருதரம் பார்த்துவிட்டு, கீழே தன் பெயரையும் போட்டாள்.