பாலம் இறங்கும் இடம்

எழுபதுகளில் திருவனந்தபுரத்தில் எனக்கு நிலையான வேலை கிடையாது. தம்பானூர் லாட்ஜில் தண்ணீர் சுமந்தேன். பொன்முடி எஸ்டேட்டுக்குப் போனேன். குளிர் ஒத்துக்கொள்ளாமல் இறங்கி வந்தேன். பிறகு, கால்வாயின் குறுக்கே நடைபாலம் போட அளவெடுத்த ஓவர்சியருக்குச் சங்கிலி பிடிக்கும் ஆளானேன்.

ஒரு கரையில் காலனி, மறு கரையில் பஸ் ரோடு. நடுவே இரண்டு தென்னந்தடிகள்தான். மழைக்காலத்தில் அதில் வழுக்கி விழாதவர்கள் குறைவு. ரோட்டுக் கரையில், கால்வாய்க்கு முதுகு காட்டிய பலகைக் கொட்டகையில் நாகர்கோவில் பக்கத்து அக்கா ஒருத்தி இட்லிக்கடை வைத்திருந்தாள். புருஷன் செத்த பிறகு கடையும் வீடும் அதுதான். பாலம் தன் பக்கம் இறங்கினால் காலனியே தன்னிடம் சாப்பிடும் என்று நினைத்தாள். ஓவர்சியருக்குத் தினமும் சூடாகப் பருப்புவடை கொடுத்தாள்.

"சாரே, கொஞ்சம் இங்கோட்டு தள்ளிப் போடப்பிடாதா?"

"பாலம் எந்தா, கட்டிலா? இழுத்துப் போட?"

ஆனாலும் அவள் கடைப் பக்கம் மண் கெட்டி என்பதால் அங்கேதான் போட்டார். வரைபடம் முடிந்ததும் நான் முளை அடித்துக் கயிறு கட்டினேன். அடியில் தோணி போகப் பாலம் உயரமாக இருக்க வேண்டும். உயரத்துக்கேற்பப் படிகள் நீண்டன. கடைசிப் படிக்கான முளை கடைக்குள், அடுப்பருகே வந்தது.

"புறம்போக்கல்லே? எப்படியும் கடை மாத்தணும்னு ஞான் நெனச்சு," என்றார் ஓவர்சியர்.

"என் வடையத் தின்னுக்கிட்டேயா சாரே அப்பிடி நெனச்சீரு?"

அவர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து வேறு வரைபடத்துடன் வந்தார். படிகள் திரும்பி, கடையின் பின்பலகையை ஒட்டி இறங்கின. மேலிடம் ஒப்புக்கொண்டது.

கடை தப்பியது. ஆனால் பாலம் திறந்த பிறகும் காலனியிலிருந்து ஒருவரும் சாப்பிட வரவில்லை. இறங்குகிறவர்கள் கண்டதெல்லாம் கரி படிந்த பின்பலகைதான். படி முடியும் இடத்திலிருந்த வேறொரு டீக்கடைக்குப் போனார்கள். அவள் ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"லே, அந்தப் பொறத்துப் பலகையப் பேத்து எடு."

கடப்பாரையால் நெம்பி எடுத்தேன். அந்தத் திறப்பில் இட்லிக்கொப்பரையைத் தூக்கி வைத்தாள். மறுநாள் காலையிலிருந்து காலனிக்காரர்கள் படிகளிலேயே நின்று சாப்பிட ஆரம்பித்தார்கள், ஒரு கையில் இலை, முதுகு கைப்பிடிக் கம்பியில், இறங்குகிறவர்களுக்கு உடம்பை ஒடுக்கி வழி விட்டபடி.